பனி வெள்ளை, பனியாறு நீலம், கையில் எடுத்தால் கண்ணாடி: மகளுக்கு என்ன பதில் சொல்ல?

பனைநிழல் | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஒஸ்லோவில் இருந்து எழுதுகிறேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிகார்ட்ஸ்பிரேன் பனியாற்றுக்குப் போனோம். ஐரோப்பியப் பெருநிலத்திலேயே பெரிய பனியாறு யொஸ்டெடால்ஸ்பிரேன். அதிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற ஒரு கைதான் இது. சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பல் கட்டி, எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்து, வழிகாட்டி முன்னால் நடந்தார்.

மிதிக்கிற இடமெல்லாம் வெள்ளை. சுத்தம் செய்யாத ஃபிரீசருக்குள் படிந்திருக்குமே, அப்படிப் பொருபொருவென்று. பக்கத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே நீலம். சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி, கீழே போகப் போக இன்னும் கடுமையாக. வழிகாட்டி அந்த வெடிப்பின் ஓரத்திலேயே கோடரியால் ஒரு துண்டைக் கொத்தி மகளின் கையில் கொடுத்தார். கைக்கு வந்ததும் நிறமே இல்லை. அந்தப் பக்கம் அவளுடைய கையுறையின் தையல் தெரிந்தது.

"அப்பா, மேல வெள்ளை, உள்ளுக்க நீலம், கையில ஒண்டும் இல்லை. எல்லாம் ஒரே தண்ணிதானே?" என்று கேட்டாள். ஒன்பது வயது. வானம் நீலம்தானே, அது தெறிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். அன்றைக்கு முழுக்க மப்பு. வானம் சாம்பலாகக் கிடந்தது. பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

யாராவது ஒழுங்காக விளங்கப்படுத்துங்கோ.

சோடாபுட்டி | ஞாயிறு, இரவு 10:05

இது பள்ளிக்கூடப் பாடம்தான். வானம் ஏன் நீலம்? ராலே என்கிற இயற்பியலாளர் சொன்ன சிதறல். அலைநீளம் குறைந்த நீல ஒளி அதிகமாகச் சிதறுகிறது. பனிக்கட்டிக்குள்ளும் அதே கதை. மப்பாக இருந்தாலும் மேகத்தின் வழியாக வருவது வெள்ளை ஒளி, அதிலிருந்து நீலம் மட்டும் சிதறிக் கண்ணுக்கு வருகிறது. முடிந்தது.

சும்மா_வந்தேன் | ஞாயிறு, இரவு 10:11

எங்கள் ஊர் மீன் மார்க்கெட்டிலும் ஐஸ் நீலமாகத்தான் இருக்கிறது. அங்கேயும் ராலேதான் வேலை பார்க்கிறாரா?

ஐஸ்காரர்மகன் | ஞாயிறு, இரவு 11:30

சும்மா_வந்தேன், அது சாயம். சாப்பிடத் தகாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. மீன் பெட்டிக்குப் போகிற ஐஸ் கரும்புச்சாறு கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. எல்லா ஊரிலும் கலக்கிறார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். எனக்கு ராலே தெரியாது. ஐஸ் தெரியும். அப்பா முப்பது வருஷம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருந்தார். லீவு நாளெல்லாம் எனக்கு அங்கேதான்.

உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் வரிசையாகத் தகரக் கேன்கள், கேனுக்குள் நல்ல தண்ணீர். ஐஸ் வெளியிலிருந்து உள்ளே பிடித்துக்கொண்டே போகும். உறையும்போது தண்ணீர் தனக்குள் கரைந்திருக்கிற காற்றையும் உப்பையும் சேர்த்துக்கொள்ளாது, நடுப்பக்கமாகத் தள்ளிவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஐஸ் பார் முழுக்கக் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு வெள்ளையாக வரும். அதற்காக ஒவ்வொரு கேனுக்குள்ளும் ஒரு சின்னக் குழாய் விட்டு, காற்றை ஊதித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். உறைகிற முகத்தில் குமிழி ஒட்டாது. பார் கண்ணாடி மாதிரி வரும். கடைசியில் நடுவில் மிச்சம் நிற்கிற அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிற கம்பெனியும் உண்டு. அப்படிச் செய்யாத பாரின் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு ஓடும், வாழைத்தண்டு மாதிரி. வீட்டு ஐஸ் டிரேயில் நடுவில் தெரிகிற வெள்ளை மேகமும் அதுவேதான்.

இப்போது முக்கியமான விஷயம். அந்தக் கண்ணாடி பாரைக் கிரஷருக்குள் தள்ளுங்கள். மறுபக்கம் வெள்ளை வெளேரென்று வந்து விழும். உள்ளே யாரும் சுண்ணாம்பு போடவில்லை. அந்தத் தூளை ஒரு டப்பில் அள்ளித் தண்ணீர் ஊற்றினால் வெள்ளை பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். ஐஸ் அங்கேயேதான் இருக்கும், கையை விட்டால் குத்தும். ஏழு வயதில் இதை மணிக்கணக்காகச் செய்து பார்த்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

ஆகவே வெள்ளை என்பது ஐஸில் இல்லை, ஐஸும் காற்றும் மாறி மாறி இருப்பதில் இருக்கிறது என்பது என் அனுபவம். நீலத்தைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லட்டும்.

இயற்பியல்டீச்சர் | திங்கள், காலை 6:20

ஐஸ்காரர்மகன் தம்பி பாதிப் பாடத்தை எடுத்துவிட்டார். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது, கைக்குச் சாக்பீஸ் கிடைத்த சந்தோஷம். மீதியை நான் எடுக்கிறேன்.

ஒளி காற்றிலிருந்து பனிக்கட்டிக்குள் நுழையும்போது வேகம் மாறுகிறது. அந்த மாற்றத்தைச் சொல்கிற எண்தான் ஒளிவிலகல் எண், பனிக்கட்டிக்கு அது 1.31. நேராக விழுகிற ஒளியில் சுமார் 2 சதவீதம் அந்த எல்லையிலேயே திரும்பிவிடும், 98 சதவீதம் உள்ளே போகும். மெல்லிய ஒரு பனிப்படிகத்துக்கு இரண்டு முகம், இரண்டையும் சேர்த்தாலும் 4 சதவீதம் தேறாது. அதனால்தான் ஒற்றைப் படிகத்தைக் கறுப்புக் கம்பளியில் ஏந்திப் பார்த்தால் கண்ணாடிச் சில் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு கைப்பிடி பனியில் இப்படி ஆயிரக்கணக்கான முகங்கள். ஒன்றில் தப்பியது அடுத்ததில் மாட்டும். திரும்பித் திரும்பி, வளைந்து வளைந்து, கடைசியில் பெரும்பகுதி வந்த வழியே வெளியே வந்துவிடுகிறது. புதிதாக விழுந்த பனி, தன் மேல் விழுகிற ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். இந்தச் சின்னச் சின்னத் திருப்பங்களில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பாரபட்சம் கிடையாது. எல்லாம் சமமாக வந்தால் கண்ணுக்கு வெள்ளை.

கற்கண்டைப் பொடித்தால் வெள்ளையாவதும், கடல் நுரை வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். டப்பில் தண்ணீர் ஊற்றினால் வெள்ளை மறைவதற்குக் காரணம், தண்ணீரின் விலகல் எண் 1.33. ஐஸின் 1.31-க்கு மிக அருகில். எல்லை இருந்தும் இல்லாத மாதிரி. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஊடுருவித் தெரியுமே, அதே கணக்கு.

நீலத்தில் சோடாபுட்டியோடு எனக்கு உடன்பாடில்லை. பனிக்கட்டி நீலமாகத் தெரிவதற்குச் சிதறல் காரணம் இல்லை, விழுங்குவதுதான் காரணம். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஸ்பிரிங்கில் கட்டின குண்டு மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் அகச்சிவப்பு ஒளியைப் பலமாக விழுங்கும். அதன் மேற்சுரங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் சிவப்பு ஓரத்தில் லேசாக வந்து இடிக்கின்றன. வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் மேலே மெல்லியதாக வேறு சுரங்களும் சேர்ந்து கேட்குமே, அதைப் போல. லேசாக என்றால் மிகவும் லேசாக. 700 நானோமீட்டர் ஆழ்சிவப்பு ஒளி சுத்தமான பனிக்கட்டிக்குள் 2 மீட்டர் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். நீலம் அதே 2 மீட்டரில் தேய்ந்ததே தெரியாது. உங்கள் மகள் கையில் இருந்தது எத்தனை சென்டிமீட்டர்? பத்து இருக்குமா? பத்து சென்டிமீட்டரில் சிவப்பு குறைவது கண்ணுக்கே தெரியாது, அதனால் கண்ணாடி. வெடிப்புக்குள்ளிருந்து வந்த ஒளி பல மீட்டர் ஐஸைக் கடந்து வந்தது. அதற்குள் சிவப்பு செத்துவிட்டது.

சோடாபுட்டி | திங்கள், காலை 9:15

டீச்சர், மரியாதையோடு ஒரு மறுப்பு. நம்ம சர் சி.வி. ராமன் என்ன சொன்னார்? கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே சொன்னதை மறுத்து, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால்தான் என்று நிரூபித்தார். திருவானைக்காவலில் பிறந்தவர் சொன்னதை விட்டுவிட்டு நாம் ஏன் மேற்சுரம், வீணை என்று போக வேண்டும்?

இயற்பியல்டீச்சர் | திங்கள், காலை 11:02

திருவானைக்காவலை இழுத்துவிட்டீர்கள், சரி. முழுக் கதையையும் சொல்கிறேன்.

1921-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது நார்குண்டா கப்பலின் தளத்தில் நின்று ராமன் மத்தியதரைக் கடலைப் பார்த்தார். கையில் ஒரு நிக்கோல் பட்டகம். அதைச் சரியான கோணத்தில் திருப்பினால் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வானத்தின் ஒளியை வெட்டிவிடலாம். வெட்டினார். கடல் நீலம் இழக்கவில்லை, இன்னும் கூடுதல் நீலமானது. பிரதிபலிப்பு என்கிற வாதம் அங்கேயே விழுந்தது. நாம் வாழ்நாள் முழுக்க மெச்ச வேண்டிய சோதனை. அதற்குச் செலவு ஒரு பட்டகம், ஒரு பயணச்சீட்டு.

ஆனால் பிரதிபலிப்பு இல்லை என்றால் சிதறல்தான் என்று முடிவாகிவிடாது. ராமன் மூலக்கூறுச் சிதறல் பக்கம் சாய்ந்தார். 1923-இல் பனியாற்று ஐஸின் நிறம் பற்றியும் அதே கோணத்தில் நேச்சர் இதழுக்கு ஒரு குறிப்பு எழுதினார். மூலக்கூறுகள் சிதறடிப்பது உண்மை. ஆனால் கடலிலும் பனியாற்றிலும் நிறத்தைத் தீர்மானிப்பதில் சிவப்பை விழுங்குவதுதான் பெரிய பங்கு என்று பிற்பாடு அளந்தவர்கள் காட்டிவிட்டார்கள். அவர் அன்று சிதறலைத் துரத்தியதால்தான் 1928-இல் ராமன் விளைவு கிடைத்தது. அதற்காகப் பனியாற்றை அவர் கணக்கில் எழுத முடியாது.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி. வானத்தில் சிதறிய ஒளி நீலம். சிதறாமல் நேராகத் தாண்டி வந்த ஒளி? அந்தி நேரத்தில் பாருங்கள், செம்மை. பனிக்கட்டியும் சிதறலால்தான் நீலம் என்றால், அதைத் தாண்டி வருகிற ஒளி சிவப்பாக இருக்க வேண்டும். ஐஸ்லாந்தில் வாட்னயோகுல் பனியாற்றுக்கு அடியில் உள்ள குகைக்குள் நின்று கூரையைப் பார்க்கிறவர்கள் பார்ப்பது தாண்டி வந்த ஒளியைத்தான். அது நீலம்.

சோடாபுட்டி | திங்கள், மதியம் 12:40

குகைக் கூரை என்னைத் தோற்கடித்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: மேற்சுரம்தான் காரணம் என்பதற்கு நேரடியான சாட்சி உண்டா?

இயற்பியல்டீச்சர் | திங்கள், மதியம் 1:15

உண்டு, அழகான சாட்சி. கனநீரில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம், இரண்டு மடங்கு எடை. குண்டு கனமானால் ஆட்டம் மந்தமாகும், மேற்சுரங்களும் சேர்ந்து அகச்சிவப்புப் பக்கம் இறங்கிவிடும், சிவப்பைத் தொடாது. ஒரு நீளமான குழாயில் சாதாரணத் தண்ணீரை நிரப்பி ஒரு முனையிலிருந்து பார்த்தால் நீலம் தெரியும். அதே குழாயில் கனநீர் நிரப்பினால் நிறம் இல்லை. சிதறல்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். நம் நாட்டிலேயே கனநீர் ஆலைகள் இருக்கின்றன, கேட்டால் ஒரு குடம் கொடுப்பார்களா என்று தெரியாது.

சும்மா_வந்தேன் | திங்கள், மதியம் 1:20

குடத்தோடு போய் நிற்கிறேன். பெயிலுக்கு டீச்சர்தான் வர வேண்டும்.

பனைநிழல் | திங்கள், மாலை 5:30

டீச்சர், கோடி நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி. பனியாறும் மேலேயிருந்து விழுந்த பனிதானே? அது வெள்ளையாக விழுந்து எப்போது நீலத்துக்கு மாறுகிறது? இங்கே வேலையிடத்தில் ஒருவர், ஆக்சிஜன் நசுங்கிப் போவதால் நீலம் என்கிறார்.

துருவப்பித்தன் | திங்கள், இரவு 8:50

ஆக்சிஜன் கதையை நானும் கேட்டிருக்கிறேன். திரவ ஆக்சிஜன் வெளிர்நீலம் என்பதால் கிளம்பின கதை. பனியாற்றில் நடப்பது அதற்கு நேர்மாறு: காற்று வெளியேறிப் போவதால்தான் நீலம் தெரிகிறது.

புதுப்பனி ஒரு கன மீட்டர் பெரும்பாலும் 100 கிலோவைக்கூட எட்டாது. மீதி காற்று. அடுத்த வருஷத்துப் பனி மேலே விழும், அதற்கடுத்த வருஷத்தது அதற்கும் மேலே. அடியில் உள்ளது நசுங்கி, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சர்க்கரை மணி மாதிரி ஆகும். கன மீட்டருக்கு 830 கிலோவைத் தொடும்போது காற்றுக்கு வெளியே போக வழி அடைபட்டு, தனித்தனிக் குமிழிகளாகச் சிறைப்படும். அதற்குப் பிறகும் அழுத்தம் ஏற ஏறக் குமிழி சுருங்கும், படிகங்கள் பெரிதாகும். முழுக் கட்டி 917 கிலோ. ஐஸ் கம்பெனியில் குழாய் வைத்து ஊதிச் செய்வதை மலை எடை வைத்துச் செய்கிறது. குமிழி குறையக் குறைய ஒளி சீக்கிரம் திரும்பாமல் நீண்ட தூரம் உள்ளே நடக்கிறது. நடந்தால் சிவப்பு போகும்.

நீங்கள் மிதித்த வெள்ளை மேல்தோல் வேறு. வெயில் படிகங்களின் இடுக்குகளை உருக்கி, மேல் சில சென்டிமீட்டரைப் பொருபொருவென்று ஆக்கிவிடும், திரும்பவும் காற்று நுழையும், திரும்பவும் வெள்ளை.

சுத்தமான ஐஸ் எவ்வளவு தெளிவு என்பதற்கு ஒன்று. தென்துருவத்தில் ஐஸ்கியூப் என்று, எதையும் ஊடுருவிப் போகிற நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடுகிற ஓர் ஆய்வகம் உண்டு. 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழத்தில் 5,160 ஒளி உணரிகளை ஐஸுக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். அந்த ஆழத்தில் குமிழியே கிடையாது, அழுத்தத்தில் காற்று படிகத்துக்குள் கரைந்து அடங்கிவிட்டது. அங்கே நீல ஒளி 100 மீட்டருக்கு மேல் விழுங்கப்படாமல் ஓடும். நம் ஊர்க் குடிதண்ணீர் பக்கத்தில் நிற்க முடியாது.

ஸ்காபரோ_சித்தப்பா | செவ்வாய், அதிகாலை 4:10

நீலத்துக்கு நோர்வே வரை போக வேண்டாம். ரொறன்ரோவில் ஒரு பெரும்பனி கொட்டின அடுத்த நாள் முற்றத்தில் இடுப்பளவு குவியும். அதற்குள் தும்புத்தடிக் கம்பை நேராகக் குத்தி எடுத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி ஓட்டைக்குள் பாருங்கோ. அடியில் மெல்லிய நீலம் தெரியும். இத்தனை வருஷமாக இது வானத்தின் நிறம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பயம் நிறமே இல்லாத ஐஸில்தான். இங்கே பிளாக் ஐஸ் என்பார்கள். பெயர்தான் கறுப்பு. மழைத்தூறல் ரோட்டில் விழுந்து மெல்லிய படலமாக உறைந்துவிடும், குமிழி இல்லை, ரோட்டின் தார் அப்படியே தெரியும். வெறும் ஈரம் என்று நினைத்துக் காலை வைப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், கார் நிறுத்துமிடத்தில், புது மேலாளர் "குட் மோர்னிங்" சொல்லி வாய் மூட முதல் நான் அவருடைய காருக்கு அடியில் கிடந்தேன். மணிக்கட்டில் ஆறு கிழமை மாக்கட்டு. அங்கே உப்புப் போட வேண்டியவர்கள் போடவில்லை. கேட்டதற்கு, பார்த்து நடந்திருக்கலாமே என்றார்கள். எதைப் பார்த்து?

கோத்தகிரிக்குளிர் | செவ்வாய், காலை 7:30

சித்தப்பாவுக்கு என் அனுதாபம். எங்கள் பக்கம் விழுகிற பனி இல்லை, பிடிக்கிற பனி. உறைபனி. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் விடியற்காலையில் வெள்ளையாக இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் காஷ்மீர் என்று போட்டோ எடுப்பார்கள். ஒரு புல்லை மட்டும் கிள்ளிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசி ஊசியாக, நிறமில்லாத சில்லுகள். புல்லின் பச்சை அதற்குள் தெரியும். நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தால் மறுபடி வெள்ளை. எட்டு மணி வெயிலுக்கு ஓரம் நனைந்ததும் நிறம் மங்கும், அப்புறம் வெறும் ஈரம். தேயிலைக்காரர்களுக்கு அந்த வெள்ளை அழகு இல்லை, அடுத்த வாரம் கருகப் போகிற கொழுந்து.

இன்னொன்று, நம் மொழியில் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் இறங்குவதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. இந்த இழையில் யார் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

கப்பல்காரன் | செவ்வாய், இரவு 10:45

பின்லாந்து வளைகுடாவில் இரண்டு குளிர்காலம் ஓடியிருக்கிறேன். அங்கே நிறம் பார்ப்பது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. கடல் உறையத் தொடங்கும்போது முதலில் எண்ணெய் ஊற்றின மாதிரி மினுமினுப்பில்லாமல் ஆகும். அப்புறம் நிலாஸ் என்று ஒரு தோல் பிடிக்கும், அலை வந்தால் உடையாமல் வளையும். 5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கருநிலாஸ், 10 வரை வெளிர்நிலாஸ். 15 வரை சாம்பல் ஐஸ், 30 வரை சாம்பல்வெள்ளை ஐஸ். இதெல்லாம் நாங்கள் வைத்த செல்லப்பெயர் இல்லை, உலக வானிலை அமைப்பின் பட்டியலிலேயே நிறம்தான் பெயர். மெல்லிசாக இருந்தால் அடியில் உள்ள கறுத்த கடல்நீர் தெரிகிறது, தடிக்கத் தடிக்க ஒளி திரும்பி வெள்ளையாகிறது. ஒரு இரவு வாட்சில் தேடுவிளக்கைப் போட்டுவிட்டு, கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட் சொன்னார்: கறுப்பாக இருந்தால் ஓட்டு, வெள்ளையாக இருந்தால் என்னைக் கூப்பிடு.

ஆனால் ஏரியில் நடப்பவர்களுக்கு இது தலைகீழ். கறுப்பாகத் தெரிகிற ஐஸ் குமிழியில்லாத ஐஸ், அதே தடிமனில் வெள்ளை ஐஸைவிடப் பலம். அமெரிக்காவின் மினசோட்டாவில் தெளிந்த ஐஸ் 4 அங்குலம் இருந்தால் நடக்கலாம் என்றும் வெள்ளை ஐஸ் என்றால் தடிமனை இரட்டிப்பாக எடுத்துக்கொள் என்றும் அரசே சொல்கிறது.

ஒரு கேள்வி எனக்கும். அண்டார்டிகா போய் வந்த ஒரு முதன்மைப் பொறியாளர் பச்சைப் பனிப்பாறை பார்த்ததாகச் சத்தியம் செய்தார். சரக்கா, நிஜமா?

துருவப்பித்தன் | புதன், இரவு 12:20

நிஜம். கடலில் மிதக்கிற பனிப்பாறைகளின் ஐஸ் முழுக்க நிலத்தில் விழுந்த பனியிலிருந்து வந்தது என்று இல்லை. அண்டார்டிகாவில் பனியடுக்கு கடலுக்குள் நீட்டிக்கொண்டு மிதக்கும். அதன் அடிவயிற்றில் கடல்நீரே உறைந்து ஒட்டும். அந்த ஐஸில் குமிழியே இருக்காது. பிற்பாடு உடைந்து கவிழும்போது அந்த அடிப்பக்கம் மேலே வருகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் வாரன் 1988-இல் அமெரி பனியடுக்குப் பக்கம் அப்படி ஒரு பச்சைப் பாறையிலிருந்து மாதிரி எடுத்தார். கடலில் கரைந்த செத்த உயிர்களின் மிச்சம் மஞ்சள் சேர்க்கிறது, நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை என்று முதலில் நினைத்தார்கள். அளந்து பார்த்தால் நீலப் பாறையிலும் பச்சைப் பாறையிலும் அது ஒரே அளவு. பல வருஷம் கழித்து அமெரி பனியடுக்கில் துளைத்து எடுத்த கம்பத்தில், அடியில் ஒட்டிய கடல் ஐஸில் மேலே உள்ள பனியாற்று ஐஸைவிட ஏறக்குறைய 500 மடங்கு இரும்பு இருப்பது தெரிந்தது. இரும்புத்துரு நீலத்தை விழுங்கும், ஐஸ் சிவப்பை விழுங்கும், நடுவில் மிஞ்சுவது பச்சை. 2019-இல் வாரனும் மற்றவர்களும் இதைத்தான் கருதுகோளாக வைத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, முப்பது வருஷம் கழித்துத் தன் பழைய விளக்கத்தைத் தானே தள்ளிவைத்தது.

சிவப்பும் உண்டு. 1818-இல் ஜான் ராஸ் கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் மலைச்சரிவு முழுக்கச் செம்பனி கிடப்பதைப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்தார். விண்கல் இரும்பு என்றுகூட லண்டனில் பேசினார்கள். உண்மையில் அது பாசி. பச்சைப்பாசி இனம்தான், வெயிலின் கடுமையிலிருந்து தப்பிக்கச் சிவப்பு நிறமியைப் போர்த்திக்கொள்கிறது. இறாலை வேகவைத்தால் வருகிற சிவப்பும் இதே நிறமி, அஸ்டாசாந்தின். தர்பூசணி வாசம் வரும் என்பார்கள். தின்ன வேண்டாம், வயிற்றைக் கலக்கும். சிவந்த பனி வெயிலை அதிகம் வாங்கும், சீக்கிரம் உருகும், உருகிய ஈரத்தில் பாசி இன்னும் படரும்.

அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்றில் ரத்தம் மாதிரி ஒழுகுகிற இடத்தை 1911-இல் கண்டவர்களும் சிவப்புப் பாசி என்றே நினைத்தார்கள். அங்கே பாசி இல்லை. பனியாற்றுக்கு அடியில் அடைபட்ட கடும் உப்புநீரில் உள்ள இரும்பு, வெளிக்காற்று பட்டதும் துருப்பிடிக்கிறது. ஒரே சிவப்புக்கு இரண்டு காரணம்.

மலைக்கோட்டை_மாமி | புதன், காலை 8:05

நான் கங்கோத்ரியிலிருந்து 18 கிலோமீட்டர் நடந்து பனியாற்றின் முனையான கோமுகம் போனேன், முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு. வெள்ளிமலை தெரியும் என்று நினைத்தால் எதிரே கரிக்குவியல் மாதிரி ஒரு சுவர். கல்லும் மண்ணும். இதுவா பனியாறு என்று கூட வந்தவர் அழாத குறை. உடைந்து விழுந்த இடத்தில் மட்டும் உள்ளே நீலப்பச்சையாக ஒரு கீற்று தெரிந்தது. அதுதான் நிஜமா, மேலே இருந்தது அழுக்கா?

துருவப்பித்தன் | புதன், காலை 9:30

இரண்டும் நிஜம்தான் மாமி. இமயத்துப் பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதி இரு பக்கத்து மலையிலிருந்து உருண்ட கல்லைப் போர்த்திக்கொண்டுதான் கிடக்கும். மெல்லிய தூசிப் படலம் வெயிலை வாங்கி உருக்கும். அதுவே தடித்த போர்வையானால் வெப்பம் அடியில் போகாமல் காப்பாற்றும். நிறத்தை வைத்து மட்டும் உருகுமா, தாங்குமா என்று சொல்ல முடியாது. ஆல்ப்ஸில் 2021 பிப்ரவரியில் சஹாரா மணல் வந்து விழுந்து பனியெல்லாம் ஆரஞ்சானது. ரஷ்யாவின் நிலக்கரிப் பூமியான குஸ்பாஸில் 2019-இல் கரும்பனியே விழுந்தது.

கூடவே ஒன்று. நாம் வெள்ளை என்று சத்தியம் செய்கிற பனி, 1.6 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் ஏறக்குறையக் கறுப்பு. செயற்கைக்கோள்கள் மேகத்தையும் பனியையும் பிரித்தறிவது இதை வைத்துத்தான். இரண்டும் நம் கண்ணுக்கு வெள்ளை, அந்தக் கண்ணுக்கு மேகம் வெளிச்சம், பனி இருட்டு.

பனைநிழல் | சனி, மாலை 6:15

வீட்டு அறிக்கை. வெடிப்புக்குள் நீலம் ஏன் என்பதை மகளுக்குச் சொல்லிவிட்டேன். "அப்ப நீங்கள் சொன்னது பிழை" என்று மட்டும் சொன்னாள்.

ஐஸ்காரர்மகனின் கம்பெனியை ஃபிரீசருக்குள் செய்து பார்க்க ஆசைப்பட்டாள். ஊதுகிற குழாய் கிடையாது. அதனால் மீன் வாங்கின தெர்மாகோல் பெட்டியில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தோம். நாலு பக்கமும் அடியும் குளிர் போகாது, மேலிருந்து மட்டும் உறையும், காற்றுக் கீழே தள்ளப்படும் என்பது கணக்கு. ஒரு நாள் கழித்துக் கவிழ்த்தோம். மேல் முக்கால்வாசி அச்சுக் கண்ணாடி. அடியில் இரண்டு விரல்கடை வெள்ளை. கண்ணாடிப் பகுதியை அவளுடைய புத்தகத்தின் மேல் வைத்தாள், எழுத்து அப்படியே வாசிக்கலாம். பிறகு துணியில் சுற்றிச் சுத்தியலால் அடித்து, வெள்ளைத் தூளாக்கி, தண்ணீர் ஊற்றி மறைய வைத்தாள். மூன்று தரம்.

நீலம் வரவில்லை. அதற்கு எத்தனை பெட்டி அடுக்க வேண்டும் என்று கேட்கிறாள்.

ஐஸ்காரர்மகன் | சனி, இரவு 7:00

அண்ணே, அடி வெள்ளையும் வேண்டாம் என்றால் முழுதும் உறைகிற வரை விடாதீர்கள். கீழே நாலு விரல் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே எடுத்துக் கொட்டிவிடுங்கள். எங்கள் கம்பெனியில் நடுத்தண்ணீரை உறிஞ்சி எடுப்பதும் இதற்குத்தான். பெட்டி அடுக்குகிற கணக்கை டீச்சரிடம் கேளுங்கள்.

இயற்பியல்டீச்சர் | சனி, இரவு 7:25

பெட்டி ஒன்று 20 சென்டிமீட்டர் என்றால், வெள்ளைச் சுவர் முன்னால் வரிசையாகப் பத்து அடுக்கி ஒரு முனையிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மீட்டர். இடையில் காற்று நிற்காமல் தண்ணீர் தடவி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒளி திரும்பும். மெல்லிய நீலம் வர வேண்டும்.

பனைநிழல் | சனி, இரவு 8:10

இரண்டாவது பெட்டி உள்ளே போய்விட்டது. மீனுக்கு இடமில்லை என்று மனைவி கேட்கிறா. எட்டு பாக்கி.